படித்துவிட்டுத்தான் கொடுத்தேன்

திரைச்சீலைக் கடை, தையல் அறை
ஜனவரி 9

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நானும் என் வீட்டுக்காரரும் இங்கே நலம். அங்கே நீங்கள், மாப்பிள்ளை, என் மகள் மூவரும் நலமா? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதம் வேண்டிக்கிடக்கிறது, அதுவும் வீட்டுக்கு அனுப்பாமல் நான் வேலை பார்க்கும் பல் வைத்தியசாலைக்கு, என்று நினைப்பீர்கள். போனில் மகளோடு தினமும்தான் பேசுகிறேன். "நல்லா இருக்கேம்மா" என்கிறாள். கல்யாணமான முதல் வருஷம் அதைச் சொல்லிவிட்டு நாலு கதை சொல்வாள். மூன்றாவது வருஷம் இது. இப்போது அதைச் சொல்லிவிட்டு "வேற என்னம்மா?" என்கிறாள். வேற என்ன என்று கேட்பவர்கள் போனை வைக்கப் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா?

அவள் நீச்சல் சொல்லிக்கொடுத்த காலத்தில் தலை ஈரத்தோடு வந்து உட்கார்ந்து, சாப்பாட்டு மேசை நனைய நனையப் பேசுவாள். "முதல்ல தலையத் துடைடி" என்று நான் கத்துவேன். அந்தக் குரலை இப்போது போனில் தேடிப் பார்க்கிறேன், அகப்படவில்லை.

யாருடைய ஜன்னலுக்குத் திரை தைத்தாலும், அதற்குப் பின்னால் யார் உட்கார்ந்திருப்பார்கள், என்ன பேசிக்கொள்வார்கள் என்று கற்பனை செய்துகொண்டே தைப்பது என் வழக்கம். துணி ஓட ஓட அந்த வீடு முழுவதும் எனக்குத் தெரிந்துவிடும். கொஞ்ச நாளாக எந்த வீட்டுத் திரையானாலும் அதற்குப் பின்னால் என் மகள்தான் இருக்கிறாள். மாப்பிள்ளையும் இருக்கிறார். இருவரும் பேசுவதில்லை.

கல்யாணத்தன்று நீங்கள் ஒரு கதை சொன்னீர்கள். பல் பிடுங்க வந்த ஒருவர் உங்கள் அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் எடுத்துப் படித்துவிட்டு, பத்து வருஷமாகப் பேசாத அண்ணனுக்கு அங்கேயே உட்கார்ந்து போன் செய்தார் என்று. அப்படி ஒரு புத்தகம் சொல்லுங்கள். இவர்கள் இரண்டு பேரையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வைக்கிற மாதிரி.

வேறு யாரிடம் கேட்பேன்?

உங்கள் சம்பந்தி

*

பல் வைத்தியசாலை, வரவேற்பு மேசை
ஜனவரி 24

அன்புச் சம்பந்திக்கு,

நலம். முழங்கால் தன் போக்கில் இருக்கிறது, நான் என் போக்கில் இருக்கிறேன். உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வைத்தியர் உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல உங்களுக்கு யாரு கடுதாசி போடறது?" என்று கேட்டார். "சம்பந்தி" என்றேன். சண்டைக் கடிதம் என்று நினைத்து அனுதாபப்பட்டார். நான் திருத்தவில்லை, அன்றைக்கு அரை மணி முன்னதாக வீட்டுக்குப் போகச் சொன்னார்.

கடிதம்தான் சரி. எங்கள் வீட்டுச் சுவர்கள் அட்டை மாதிரி. இந்த அறையில் போனில் பேசினால் அடுத்த அறையில் பதில் சொல்லலாம். ஆனால் யாரும் சொல்வதில்லை, அதுதான் விஷயம். சாயங்காலம் மூன்று அறைகளில் மூன்று விளக்குகள் எரியும். என் மகன் நாள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு வந்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஒரு மூலையில் உட்காருவான். நல்லவன். குரலை உயர்த்தமாட்டான். உயர்த்துவதற்கு அவனிடம் குரலே இல்லையோ என்று எனக்குச் சந்தேகம். உங்கள் மகள் இன்னொரு மூலையில் இருப்பாள். அவளும் நல்லவள். நடுவில் நான், போக்குவரத்து இல்லாத சாலையில் நிற்கும் போலீஸ்காரி மாதிரி.

புத்தகத்துக்கு வருவோம். இங்கே வருகிறவர்கள் வலியோடு வருகிறார்கள். வலியில் இருப்பவர்களுக்குப் பொய் சட்டென்று தெரிந்துவிடும். 'நீ வெல்வாய்' என்று அட்டையில் தங்க எழுத்துப் போட்ட புத்தகத்தை இரண்டு பக்கம் புரட்டிவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார்கள். நல்ல புத்தகமானால் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கமாட்டார்கள். வைத்தியருக்கு என் அலமாரிமேல் அதனால் கோபம். எனக்கு ஒரே ஒரு விதி உண்டு: நான் கடைசிப் பக்கம் வரை படிக்காத எதையும் யாருக்கும் கொடுக்கமாட்டேன். மருந்துக் கடையில் சீட்டைப் படிக்காமல் மாத்திரை எடுத்துக் கொடுப்பார்களா?

ஒரு திட்டம் சொல்கிறேன். நான் என் மகனுக்குக் கொடுத்தால் "அப்புறம் படிக்கறேம்மா" என்று வைத்துவிடுவான். நீங்கள் தபாலில் அனுப்பினால் மாமியாருக்கு மரியாதை என்று படித்துத்தான் தீருவான். உங்கள் மகளும் அப்படித்தான், நீங்கள் கொடுத்தால் சிரிப்பாள், நான் கொடுத்தால் படிப்பாள். ஆகவே அவனுக்கு நீங்கள், அவளுக்கு நான். ஆளுக்கொன்று தேடுவோம்.

உங்கள் சம்பந்தி

*

திரைச்சீலைக் கடை
பிப்ரவரி 12

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கண் கொஞ்சம் எரிகிறது, அதற்குக் காரணம் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் படித்ததெல்லாம் ஜன்னல் அளவுகள்தான். பேருந்து நிலையத்துப் புத்தகக் கடையில் போய் நின்றேன். கடைக்காரர், விடியுமுன் எழுந்தால் வாழ்க்கை மாறும் என்று ஒரு புத்தகத்தைக் கையில் திணித்தார். உங்கள் விதிப்படி நானே முதலில் படித்து, நானே செய்தும் பார்த்தேன். நாலாம் நாள் தையல் இயந்திரத்தின்மேலேயே தூங்கிப்போய், யாரோ ஒரு வக்கீல் வீட்டுத் திரையோடு என் உடையின் ஓரத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். எழுந்தபோது திரையும் கூடவே எழுந்து வந்தது. முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தப் புத்தகத்தை இயந்திரத்தின் ஆடுகிற காலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். இப்போது ஆடுவதில்லை, அந்த அளவுக்கு அது வாழ்க்கையை மாற்றியது உண்மை.

இரண்டாவது புத்தகம் அப்படியல்ல. மனநல மருத்துவர் ஒருவர் எழுதியது, மெல்லிசான புத்தகம். அதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. தினமும் ஒரு கேள்வி கேள், அடுத்தவர் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் வாயைத் திறக்காதே, உண்மையான பதில் அந்த இடைவெளியில்தான் வரும் என்கிறார். என் வீட்டுக்காரரிடம் சோதித்தேன். "இன்னிக்கு என்ன நெனச்சிட்டிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சொன்னார். முடித்தார். நான் பேசவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, தன் அம்மா இறந்த அன்று தான் அழாததைப் பற்றிச் சொன்னார். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்த மனிதர், சம்பந்தியம்மா. எனக்குத் தெரியாது.

மதிய வெளிச்சத்தில் துணிச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்து அதை இரண்டாம் முறையும் படித்தேன். மேலே தொங்கும் திரைகள் காற்றில் அசைந்துகொண்டிருந்தன. எந்த ஜன்னலும் இல்லாத திரைகள். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே ஓர் இடத்தில் இருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று மாப்பிள்ளைக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

உங்கள் சம்பந்தி

*

பல் வைத்தியசாலை
மார்ச் 6

அன்புச் சம்பந்திக்கு,

நலமா? கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள், படிப்பது எங்கும் ஓடிவிடாது.

உங்கள் புத்தகம் வந்தது. மகன் உறையைப் பிரித்து, "அத்தை எதுக்கு எனக்கு அனுப்பியிருக்காங்க?" என்றான். "உன் மேல அக்கறைதான், வேற எதுக்கு?" என்றேன். ஒரு வாரம் படித்தான். லிஃப்ட் கையேட்டைப் படிப்பது மாதிரி, பென்சிலால் கோடு போட்டுப் படித்தான்.

போன செவ்வாய்க்கிழமை சாப்பாடு முடிந்ததும் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு உங்கள் மகள் எதிரே உட்கார்ந்தான். "இன்னிக்கு என்ன நெனச்சிட்டிருந்தே?" என்று கேட்டான். பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி இருந்தது அவன் முகம். அவள் அவனைப் பார்த்தாள், அந்த விரலைப் பார்த்தாள், பிறகு சிரித்துவிட்டாள். எவ்வளவு நாளாயிற்று அந்தச் சத்தம் கேட்டு. நான் சமையலறையில் கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன். இப்போது தினமும் கேட்கிறான். அவள் "ஒண்ணுமில்ல" என்கிறாள். அவன் காத்திருக்கிறான். விளக்கு இரண்டாகக் குறைந்திருக்கிறது, அதுவே பெரிய விஷயம்.

என் பங்குக்கு நான் ஒன்று படித்துக்கொண்டிருக்கிறேன். பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. ஒரு பெண், தனியாக, ஓர் ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து அது புறப்படும் மலை வரைக்கும் கரையோடு நடந்த கதை. அவசரமே இல்லாத புத்தகம். நாணல், ஈர மணல், படகுக்காரரின் வீட்டு வாசலில் ஓர் இரவு, மறுபடி நாணல். இங்கே துளைபோடும் கருவி உள்ளே சுழன்றுகொண்டிருக்கும், நான் மேசையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பேன். நேற்று தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வைத்தியரே வெளியே வந்து எடுத்தார்.

உங்கள் மகளுக்கு இதைக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். கொஞ்சம் யோசிக்க வேண்டிய புத்தகம்.

உங்கள் சம்பந்தி

*

திரைச்சீலைக் கடை
மார்ச் 22

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

எல்லோரும் நலம். என் மகள் சிரித்தாள் என்ற வரியை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

யோசிக்க என்ன இருக்கிறது? கொடுத்துவிடுங்கள். தண்ணீரைப் பற்றிய புத்தகமென்றால் அவளுக்கு உயிர். மாப்பிள்ளை கேட்கத் தொடங்கிவிட்டார், அவள் பேசத் தொடங்க வேண்டும், அவ்வளவுதானே. நான் அதைப் படிக்கவில்லை என்றாலும் நீங்கள் படித்துவிட்டுத்தானே கொடுப்பீர்கள், எனக்கு அது போதும். நாளைக்கே கொடுங்கள்.

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்கும் அந்த ஆறு பிடித்துக்கொண்டது. நீல நிறத் துணி ஒன்று வந்திருக்கிறது, ஒரு பள்ளிக்கூட அரங்கத்துக்கு. அதை மேசையில் விரித்தால் அந்தக் கோடிக்கு இந்தக் கோடி தெரியவில்லை. அதன் ஓரமாகவே தைத்துக்கொண்டு போனேன். மனதுக்குள் நீங்களும் நானும் அந்தக் கரையில் நடந்துபோய்க்கொண்டிருந்தோம், உங்கள் முழங்கால் வலிக்கவே இல்லை. நீங்கள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தீர்கள், நான் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பிறகு ஒரு கிறுக்கு நினைப்பு வந்தது. நாம் இரண்டு பேரும் நேரில் பார்த்தது இரண்டே முறை. இந்தப் பிள்ளைகள் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்திருந்தால் நீங்கள் யாரோ, நான் யாரோ. தெருவில் எதிரே வந்தாலும் ஒதுங்கிப் போயிருப்போம். என் வாழ்க்கையில் கூடப் பிறந்தவளுக்குக்கூட இவ்வளவு எழுதியதில்லை. அதனால்தான் சொல்கிறேன், இவர்கள் நன்றாக இருக்க வேண்டும். அவர்களுக்காகவும்தான், எனக்காகவும்தான்.

உங்கள் சம்பந்தி

*

பல் வைத்தியசாலை
ஏப்ரல் 18

அன்புச் சம்பந்திக்கு,

நலம். இங்கே வெயில் ஏறிவிட்டது. அங்கேயும் அப்படித்தான் இருக்கும்.

புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்த பிறகும் சில நாள் என் பையிலேயே இருந்தது. பிறகு கொடுத்தேன். மூன்று நாளில் முடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை, "அத்தை, இங்க பக்கத்துல நீச்சல் குளம் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது, பேருந்தில் போக வேண்டும் என்றேன். சரி என்று மட்டும் சொன்னாள்.

மகன் இன்னும் தினமும் கேட்கிறான். புத்தகத்தில் விரல் வைப்பதை விட்டுவிட்டான். கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பாவமாக இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. அலமாரிக்கு வைத்தியர் கண்ணாடிக் கதவு போட்டுத் தந்திருக்கிறார். நான் நலமா என்று கேட்டு ஒரு வரி எழுதுங்கள். வீட்டில் எல்லோரும் நலமா என்று அல்ல, நான் நலமா என்று.

உங்கள் சம்பந்தி

*

பல் வைத்தியசாலை
ஜூன் 2

அன்புச் சம்பந்திக்கு,

உங்கள் மகள் பத்திரமாக வந்து சேர்ந்தாள் என்று போனில் நீங்கள் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அதன் பிறகு போன் எடுப்பதில்லை. உங்கள் கோபம் நியாயம்தான். ஆனாலும் நடந்ததை, அடுத்த அறையில் இருந்தவள் வாயால் நீங்கள் கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

அன்றைக்கும் அவன் வழக்கம்போலத்தான் கேட்டான். அவள் "ஒண்ணுமில்ல" என்று சொல்லவில்லை. "சொன்னா கேப்பீங்களா?" என்றாள். "கேக்கறேன்" என்றான். அவள் சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள். அவன்மேல் ஒரு குறையும் இல்லை, இந்த வீட்டிலும் ஒரு குறையும் இல்லை, ஆனால் இங்கே தான் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னாள். போக வேண்டும் என்றாள். அவள் முடித்த பிறகு அவன் பேசவில்லை. நீங்கள் அனுப்பிய புத்தகத்தில் சொன்னபடி காத்திருந்தான். நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் அவன் சொன்னது இதுதான்: "எனக்கும் தெரியும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

மறுநாள் பெட்டியை அவன்தான் ஸ்டேஷன் வரை தூக்கிக்கொண்டு போனான். ஒருவர்மேல் ஒருவருக்கு வருத்தம் இல்லை. வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு நான் ஒருத்தி உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் சம்பந்தி

*

பல் வைத்தியசாலை
ஜூலை 15

அன்புச் சம்பந்திக்கு,

பதில் வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன். தபால்காரர் வரும்போதெல்லாம் வைத்தியர் என்னைப் பார்க்காத மாதிரி பார்க்கிறார். என் அலமாரியில் புதிதாக எதுவும் வாங்கி வைக்கவில்லை. படித்தால் யாரிடம் சொல்வது?

உங்கள் கண் எரிச்சல் தேவலையா?

உங்கள் சம்பந்தி

*

திரைச்சீலைக் கடை
ஆகஸ்ட் 20

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இருவரும் சேர்ந்தே விவாகரத்து மனுப் போட்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அக்டோபரில் கையெழுத்து. அதன் பிறகு நான் உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை, அதனால் இப்போதே பழகிக்கொள்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் வைத்துக்கொண்டிருந்தால் ஊசியை விழுங்கியது மாதிரி இருக்கிறது. என் மகள் அந்த ஆற்றுப் புத்தகத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். "எதும்மா உன்னக் கிளப்பி விட்டுச்சு?" என்று கேட்டேன். அதைத் தொட்டுக் காட்டினாள். "அத்தைதான் குடுத்தாங்க. படிச்சப்புறம் தைரியம் வந்துச்சு" என்றாள். அந்தப் பெண் ஆற்றங்கரைக்கு ஏன் போனாள் என்று எடுத்துப் படித்தும் காட்டினாள். அவள் ஒரு நல்ல வீட்டை விட்டுத்தான் போனாளாம். 'சண்டை போட ஓர் ஆள் இருந்திருந்தால் அங்கேயே இருந்திருப்பேன்' என்று எழுதியிருக்கிறாளாம்.

கடைசிப் பக்கம் வரை படிக்காமல் யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று எழுதியது நீங்கள். அப்படியென்றால் இதையும் படித்துத்தானே கொடுத்தீர்கள்? என் மகள் அதைப் படித்தால் என்ன செய்வாள் என்று உங்களுக்குத் தெரியாதா? நான் ஒட்ட வேண்டும் என்று கேட்டேன். நீங்கள் பிரித்துக் கொடுத்தீர்கள். எனக்கு நீங்கள் கூட்டு என்று நம்பி, இங்கே உட்கார்ந்து கனவு கண்டுகொண்டிருந்தேன்.

தெரிந்து செய்தீர்களா, தெரியாமல் செய்தீர்களா? அது மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா

*

பல் வைத்தியசாலை
ஆகஸ்ட் 30

அன்புச் சம்பந்திக்கு,

அக்டோபர் வரை அப்படித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படித்துவிட்டுத்தான் கொடுத்தேன். தெரிந்துதான் கொடுத்தேன்.

ஒரு நாள் குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நிற்கவில்லை. தட்டினேன். கதவு தாழ்போடாமல்தான் இருந்தது. உங்கள் மகள் தரையில் உட்கார்ந்து, வாளிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள். "என்னம்மா?" என்றேன். "சும்மாதான் அத்தை" என்றாள். குழாயை மூடினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவள் ஒன்றுமே கேட்கமாட்டாள், சம்பந்தி. உங்களுக்கு மனம் நோகக் கூடாது, எனக்கு மனம் நோகக் கூடாது, அவனுக்கு மனம் நோகக் கூடாது. அந்த வாளியளவு தண்ணீரே போதும் என்று இருந்துவிடுவாள். நானும் அப்படி ஒரு வீட்டில் இருந்தவள்தான். என் வீட்டுக்காரரும் குரலை உயர்த்தாதவர். அவர் போன பிறகுதான் எனக்குப் பேச வரும் என்பதே எனக்குத் தெரிந்தது. பல் வலிக்காரர்களிடம் பேசித் தீர்த்துக்கொள்கிறேன்.

உங்கள் மகள் படித்துக் காட்டிய அந்த வரியை நான் இந்த மேசையில் படித்தேன். அன்றைக்குத்தான் தொலைபேசி அடித்தது காதில் விழவில்லை.

என் மகனை நான் காட்டிக்கொடுத்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். அவனும் அந்தக் கல்யாணத்தில் சந்தோஷமாக இல்லை. அது அவனுக்கே தெரியாமல் இருந்தது, நீங்கள் அனுப்பிய புத்தகம் தெரிய வைத்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டடத்துக் கிழவர் ஒருவரோடு படிக்கட்டில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தான். என் மகன். நான் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடினேன்.

உங்களிடம் சொல்லாமல் செய்தது தப்பு. சொல்லியிருந்தால் தடுத்திருப்பீர்கள், எந்த அம்மாவும் தடுப்பாள். எனக்கு மட்டும் நஷ்டமில்லை என்று நினைக்காதீர்கள். மருமகள் போனாள். உங்கள் கடிதமும் போகும் என்று அன்றைக்கே தெரியும். அதனால்தான் அந்தப் புத்தகம் சில நாள் என் பையிலேயே கிடந்தது.

உங்களுக்கு எப்போதும் நல்லதையே நினைக்கும்,
சம்பந்தி

*

திரைச்சீலைக் கடை
நவம்பர் 5

அன்புள்ள…

மேலே என்ன எழுதுவது என்று யோசித்தே மதிய இடைவேளை போய்விட்டது. அப்படியே இருக்கட்டும். நலம். முழங்கால் எப்படி இருக்கிறது?

கையெழுத்தாகிவிட்டது. இருவரும் ஒரே பேனாவில் போட்டார்கள், பிறகு எதிரே இருந்த கடையில் டீ குடித்தார்கள். என் வீட்டுக்காரர், "இவங்க எதுக்குப் பிரியறாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

கோபம் போய்விட்டது என்று பொய் எழுதமாட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்த அன்று ஒரு கதவுத் திரையைத் தலைகீழாகத் தைத்தேன், பூவெல்லாம் வேர் மேலே தெரிய. ஆனால் அதற்குப் பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. நீங்கள் கொடுக்கலாமா என்று யோசித்தபோது, யோசிக்க என்ன இருக்கிறது, நாளைக்கே கொடுங்கள் என்று எழுதியது நான். படிக்காமலே எழுதினேன். அந்தக் கடிதம் உங்களிடம்தான் இருக்கும். நான் அவ்வளவு கேட்டபோது, "நீதானே கொடுக்கச் சொன்னாய்" என்று ஒரு வரி போட்டு என் வாயை அடைத்திருக்கலாம். நீங்கள் போடவில்லை. எல்லாவற்றையும் உங்கள் தலையிலேயே வைத்துக்கொண்டீர்கள். அதை நினைக்க நினைக்க, யார்மேல் கோபப்படுவது என்றே எனக்குக் குழப்பமாகிவிட்டது.

மகளிடம் கேட்டு அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். மெதுவாகப் படித்தேன், சில நாள் ஒரே பக்கம். படித்துக்கொண்டிருக்கும்போது கடையில் தொங்குகிற துணிகளெல்லாம் ஒரே பக்கமாக அசைவது போல இருக்கும், எங்கிருந்தோ ஈர மணல் வாசனை வரும். முதலாளி இரண்டு முறை கூப்பிட்டாராம். ஒரு வேலையுமில்லாமல், ஒரு வீட்டுக்கும் போக வேண்டியில்லாமல், நான் நடந்துகொண்டே இருந்தேன். முடித்தபோது அழுதேன். மகளுக்காக அல்ல, எனக்காக அழுதேன். அதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

அவள் இங்கே உள்ள நீச்சல் குளத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தேன். சின்னக் குழந்தைகள் வரிசையாகத் தண்ணீரில் காலை அடித்துக்கொண்டிருந்தார்கள், சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பயந்து கரையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தையின் வயிற்றுக்குக் கீழே என் மகள் கையை வைத்தாள். ஏதோ சொன்னாள். குழந்தை கரையை விட்டது. அவள் அண்ணாந்து சிரித்தாள். கூரை வெளிச்சம் முழுவதும் அவள் முகத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நீங்கள் பக்கத்தில் இல்லையே என்றுதான் முதலில் நினைத்தேன். உங்கள்மேல் அத்தனை கோபத்தோடும் அதைத்தான் நினைத்தேன்.

அதனால் வருகிறேன். இருபதாம் தேதி காலை ரயில். இரண்டு நாள் தங்குவேன். மாப்பிள்ளைக்கு, இப்போது எப்படிச் சொல்வதோ, உங்கள் மகனுக்குச் சங்கடமாக இருக்கும் என்றால் சொல்லுங்கள், வேறு எங்காவது தங்கிக்கொள்கிறேன். சண்டையும் போடுவேன், தயாராக இருங்கள். ஒரு விஷயம் மட்டும் யோசித்து வையுங்கள். உங்கள் கட்டடத்தில் நாலு பேர் என்னைப் பார்த்து "இவங்க யாரு?" என்று கேட்பார்கள். சம்பந்தி என்று சொல்ல இனி முடியாது. என்ன சொல்வீர்கள்?

நான்

*

பல் வைத்தியசாலை
நவம்பர் 12

அன்பானவருக்கு,

நலம். முழங்கால் உங்கள் கடிதம் வந்ததிலிருந்து படி ஏறுகிறது.

மகனிடம் சொன்னேன். "அத்தை நம்ம வீட்லதானே தங்குவாங்க?" என்றான். தன் அறையை ஒழித்துக்கொடுத்துவிட்டான், ஜன்னலுக்கு அளவு எடுத்து வைத்திருக்கிறான். திரை இல்லாத வீட்டில் உங்களை எப்படி உட்கார வைப்பது என்று அவனுக்குக் கவலை.

நேற்று கூடத்தைத் துடைத்து, நாற்காலிகளை வெளியே போட்டிருந்தேன். கீழ்வீட்டுக்காரர் நின்று, "என்ன, விருந்தாளியா? யாரு வராங்க?" என்றார். நீங்கள் கேட்டது ஞாபகம் வந்தது. அதுவரை ஒன்றும் யோசித்து வைக்கவில்லை.

"எனக்கு வேண்டியவங்க வராங்க" என்றேன்.

அவர் விடவில்லை. "எந்த வழியில சொந்தம்?" என்றார்.

"வழியெல்லாம் இல்லைங்க," என்றேன். "எனக்கு வேண்டியவங்க."

தலையாட்டிவிட்டு, இரண்டு நாற்காலியை உள்ளே தூக்கிக்கொடுத்துவிட்டுப் போனார்.

இருபதாம் தேதி ஸ்டேஷனில் நிற்பேன்.